கொம்புக்கு அடித்த கப்பல் பெயின்ட்

கப்பலின் அடிவயிற்றுக்கு அடிக்கிற பெயின்ட்டை மாட்டுக் கொம்புக்கு அடித்த ஊர் உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். அது உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர். அடிக்கலாம் என்று சொன்னவன் நான். எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இன்றைக்கும் ஊரில் சிலர் என்னைப் பார்த்தால் தலையின் இரண்டு பக்கமும் விரலை வைத்துக் காட்டுவார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

அதற்கு முன்னால் ஆறு வருஷம் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை செய்தேன். கரையில் ஏற்றி நிறுத்திய கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டுவதும், சுரண்டிய இடத்தில் சிவப்பு பெயின்ட் அடிப்பதும் வேலை. கடலில் கிடக்கிற எதன் மேலும் ஏதாவது வந்து ஒட்டிக்கொள்ளும். பாசி, சிப்பி, சிப்பி மாதிரியே கல்லாக இறுகிக்கொள்ளும் பூச்சி. ஒட்டினால் கப்பல் கனத்துப்போகும், ஓடாது. அதற்காகத்தான் அந்தப் பெயின்ட். அது மற்ற பெயின்ட்டுகளைப் போலக் காய்ந்துவிட்டுச் சும்மா இருக்காது. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். ஒட்ட வருகிற உயிர் எதுவாக இருந்தாலும் அந்தக் கரைசலில் செத்துவிடும். கரைவதுதான் அதன் வேலை.

எங்கள் மேஸ்திரி இதை முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். "டேய், இது பெயின்ட் இல்ல, மருந்து. கைய கய்வாம பீடிய தொட்டா நீயும் ஒரு பூச்சிதான்." சுரண்டும்போது ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும். இடத்தை நனைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும், தூசி பறக்கக்கூடாது. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூடாது. ஆறு வருஷத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது இதுதான்.

கல்யாணம் ஆனதும் ஊருக்கு வந்துவிட்டேன். வரும்போது மீந்துபோன பெயின்ட் இரண்டு டப்பா என்னோடு வந்தது. கேட்டு எடுத்துக்கொண்டேனா, கேட்காமல் எடுத்துக்கொண்டேனா என்பது இனிமேல் யாருக்கும் உதவாத விஷயம். ஏரிக்கரை ஊருக்குக் கப்பல் பெயின்ட் எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. நல்ல டப்பா, மூடி இறுக்கமாக இருந்தது. பரண் மேல் வைத்தேன்.

எங்கள் ஏரிக்கு எதிர்க்கரையில் முப்பது வீடு இருந்தது. ஐப்பசியில் ஏரி நிரம்பினால் அவர்கள் வருகிற பாதை முழுகிவிடும். மாசி வரைக்கும் பஸ்ஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமென்றால் நான்கு மைல் சுற்ற வேண்டும். அவர்கள் மனு மேல் மனு போட்டு, ஒரு வருஷம் மழைக்கு முன்னால் ஒரு மரப்படகு லாரியில் வந்து இறங்கியது. படகை யார் ஓட்டுவது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊரில் படகைத் தொட்டவன் நான் ஒருவன்தான். அதுவும் அடியில் படுத்துக்கொண்டுதான் தொட்டிருக்கிறேன். அதை நான் விளக்கிச் சொல்லவில்லை. துறைமுகத்தில் ஆறு வருஷம் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். வேலை எனக்குக் கிடைத்தது.

ஒன்றரை மாதத்தில் படகு நகர மறுத்தது. ஏரித்தண்ணீரில் சிப்பி கிடையாது, ஆனால் பாசி உண்டு, நத்தை உண்டு. அடிப்பலகையில் பாசி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. அதற்குள் நத்தைகள் குடித்தனம் நடத்தின. மூங்கில் கழியை ஊன்றி முழு பலத்தோடு தள்ளினால் படகு ஏதோ எனக்காகப் போனால் போகிறது என்று கொஞ்சம் நகரும். அக்கரைக்காரர்களுக்கு நாக்கு நீளம். "நீ பொறுமையா வா, நாங்க ஒரு எட்டு நீஞ்சிக்கினு போயி பஸ்ஸ நிறுத்தி வெக்கிறோம்" என்பார்கள்.

மார்கழிக் கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். காணும் பொங்கலன்று யூனியன் ஆபீசர் படகைப் பார்க்க வருகிறார், படகு புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்றார். தலைவர் நல்ல மனிதர். ஒரே குறை, எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார்.

"இந்தப் பாசி புடிக்காம இருக்க எதுனா வழி கீதா நைனா?"

"கப்பலுக்கே அடிக்கிற பெயின்ட் வூட்ல கீது தலைவரே. அத்த அடிச்சா ஒரு பூச்சி கிட்ட வராது."

அதைச் சொன்னபோது என் நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்தது. இரண்டு மாதமாக அக்கரைக்காரர்களிடம் பேச்சு வாங்கியவனுக்கு அந்த அளவு உரிமையாவது வேண்டாமா?

படகைக் கயிறு கட்டிக் கரைமேல் இழுத்துக் கவிழ்த்தோம். பாசியைச் சுரண்டிக் காயவைத்து, போகிக்கு முதல் நாள் பெயின்ட் அடித்தேன். ஒரு டப்பா முழுசும் தீர்ந்தது. இரண்டாவது டப்பாவில் கால்வாசி போனது. கரையில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் சிவப்பு நல்ல சிவப்பு என்றார்கள். டப்பாவின் பக்கத்தில் ஒரு மண்டை ஓடு படம் போட்டிருந்தது. தலைவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கம்பெனி மார்க்கா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது பொய்யில் சேருமா என்று அன்றைக்கு எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்து தொட்டியடியில் கை கழுவினேன். சோப்பு போட்டு, முழங்கை வரைக்கும், மூன்று தரம். என் மனைவி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருக்கிற பெருநகர் என்ற ஊர்க்காரி. வரும்போது பிறந்த வீட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தவள். அது அப்போது ஆறு மாதச் சினை. முதல் ஈற்று. அந்தப் பசுவிடம் அவள் பேசுவதில் பாதிகூட என்னிடம் பேசியதில்லை.

"சோறு துன்றதுக்குக்கூட இப்பிடி கய்வ மாட்டியே. இன்னா கீது அந்த டப்பாவுல?"

"பாசிக்கு மருந்து."

"நம்பள ஒண்ணும் பண்ணாதா?"

"பாசிக்குத்தான்மே."

அவள் தவிட்டைக் கலக்கி முடித்தாள். "பாசி கீற தண்ணியதான நானு டெய்லி மொண்டுக்கினு வரேன்" என்றாள்.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் மதகடியில் இருக்கிற ஊற்றுக்கிணற்றில் எடுப்பது. ஏரித்தண்ணீர் கரைக்கு அடியில் கசிந்து அந்தக் கிணற்றில் ஊறும். அவள் ஒரு நாளைக்கு ஆறு குடம் எடுத்து வருவாள். துறைமுகத்தில் ஆறு வருஷம் அந்த மருந்தைப் பூசியிருக்கிறேன், இந்தக் கேள்வி யாருக்கும் வந்ததில்லை. கடலை யாரும் குடத்தில் மொண்டு வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. ஒரு படகு பெயின்ட்டால் ஒரு ஏரி விஷமாகிவிடாது என்று பல வருஷம் கழித்து ஒரு படித்தவர் எனக்குச் சொன்னார். இருக்கலாம். அவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர் இல்லை.

நான் சாப்பிட உட்கார்ந்தேன். படகை ஏரியில் விடக்கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஊரே பார்க்க மார்தட்டிவிட்டு, இரண்டாம் நாள் போய் அது விஷம் என்று சொல்ல என் வாய்க்கு வழி தெரியவில்லை. காணும் பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதற்குள் ஏதாவது யோசனை வரும் என்று தள்ளிப்போட்டேன்.

இதற்கு நடுவில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீதி டப்பா எங்கே என்று கேட்டார்.

"மாட்டுப் பொங்கல் வருது பாரு நைனா. கடையில விக்கிற பெயின்ட் நாலு நாள்ல உரிஞ்சிடுது. இத்த கொம்புக்கு அடிக்கலாமா? போவாம நிக்குமா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்குத் தங்கத்தட்டில் வைத்து வாய்ப்புக் கொடுத்தார். 'கூடாது' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால், ஏன் கூடாது என்பார். ஏன் என்று சொன்னால், அப்புறம் படகு மட்டும் எப்படி என்பார். நான் சொன்னது இதுதான்: "பத்து வருஷம் ஆனாலும் போவாது தலைவரே." டப்பா அவர் கையோடு போனது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் நான் எதிர்க்கரையில் படகு ஒதுங்குகிற கல்கட்டைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். உண்மையில் பார்ப்பதற்கு அங்கே எந்தக் கல்கட்டும் இல்லை. மத்தியானம் சுற்றுப்பாதையில் நடந்து திரும்பி வந்தால் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பு. தலைவர் டப்பாவைத் தெருவில் வைத்து, யார் வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். காலையில் ஏரியில் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வீட்டுக்கு வீடு பூசியிருக்கிறார்கள். உழவு மாடு, வண்டி மாடு, கறவை, கிடாரி. கொம்பு முளைக்காத கன்றுகளுக்கு நெற்றியில் ஒரு பொட்டு.

என் வீட்டுத் தொழுவத்திலும் மயிலைப் பசுவின் கொம்பு சிவப்பாக இருந்தது. மனைவி ஊற்றுக்கிணற்றுக்குப் போயிருந்த நேரத்தில் தலைவர் வீட்டு ஆள் வந்து, படகுக்காரர் வீட்டுப் பசுவுக்குப் பூசாமல் எப்படி என்று மரியாதைக்காகப் பூசிவிட்டுப் போயிருக்கிறான். பசு கழுநீர்த் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றது. தொட்டியின் ஓரத்தில் இரண்டு கொம்பும் உரசியிருந்தது. தண்ணீர் மேல் சிவப்பாக ஒரு ஆடை படர்ந்திருந்தது. அவள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சாய்ந்திரம் மாடு வெரட்டிட்டு எல்லாத்தையும் ஏரியில எறக்குவாங்க" என்றாள். "நீ போயி சொல்றியா, நா சொல்லட்டுமா?"

போனேன். கோயிலுக்கு எதிரில் மாடுகளையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் மாலை, கொம்பில் சலங்கை. தலைவர் கற்பூரத் தட்டோடு நின்றார். நான் அவர் பக்கத்தில் போய்க் காதோடு சொல்லப் பார்த்தேன். அவருக்கு ஒரு காது மந்தம். நான் நின்றது அந்தப் பக்கம். கடைசியில் சத்தமாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

"தலைவரே, மாட்ட தண்ணியில எறக்க வாணாம். கொம்புல கீறது விஷம்."

மேளம் அடித்தவர் நிறுத்திவிட்டார்.

"இன்னா நைனா சொல்ற? பத்து வருஷம் போவாதுன்னியே."

"அது பொய்யி. போவும். தண்ணி பட்டா கொஞ்சம் கொஞ்சமா கரையும். அதுக்குத்தான் அத்த பண்றாங்க. ஒட்ட வர்ற பூச்சியெல்லாம் அதுல சாவும்."

"அந்த மண்ட ஓடு?"

"கம்பெனி மார்க் இல்ல."

தலைவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "நா ஒன்ன கேட்டேனே நைனா" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒன்றும் மனதில் தங்கவில்லை. இது தங்கிவிட்டது. அன்றைக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. மாடுகளெல்லாம் என்னைப் பார்த்தன.

பிறகு நடந்தது வேலை. மேஸ்திரி கற்றுக்கொடுத்ததை நான் சொல்லச்சொல்ல ஊர் செய்தது. ஏரியிலிருந்து தள்ளி, மேட்டில் இருந்த புறம்போக்கு நிலத்தில் கோணிகளை விரித்தோம். மாட்டைக் கோணி மேல் நிறுத்தி, இரண்டு பேர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஈரத்துணியால் கொம்பை நனைத்து நனைத்து நான் சுரண்டினேன். முகத்தில் ஈரத்துணி. பாதி காய்ந்த பெயின்ட், கொம்போடு குடும்பமாகிவிட்டிருந்தது. கழுவிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கழுவுகிற தண்ணீர் சரிவில் இறங்கி எங்கே போகும் என்று என் மனைவி கேட்டாள். கழுவவில்லை.

முதல் மாடு தலையைத் திருப்பியதில் நான் கோணியின் மேல் விழுந்தேன். மூன்றாவது மாட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தேன். வேடிக்கை பார்க்க அக்கரைக்காரர்கள் சுற்றுப்பாதையில் நான்கு மைல் நடந்து வந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பாதை தூரமாகத் தெரியவில்லை. ஆனால் வந்தவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போகவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்கள். அந்த ஏரித்தண்ணீரைத்தான் அவர்களும் குடிக்கிறார்கள். இருட்டுவதற்குள் பாதி மாடு முடிந்தது. மீதிக்குப் பொழுது விடிந்து வந்தோம். அதுவரை எந்த மாட்டையும் ஏரிக்கு விடவில்லை. தெருத் தெருவாகக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் வாளியில் ஊற்றி வைத்தார்கள், கொம்பு படாமல் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள. தொட்டித் தண்ணீரையெல்லாம் மேட்டில் குழி வெட்டி ஊற்றி மூடினோம்.

காணும் பொங்கலன்று ஆபீசர் வந்தார். அதே மேட்டுக்கு நாங்கள் இழுத்து வந்த படகு கவிழ்ந்து கிடந்தது. அடிப்பலகையில் பாதி சுரண்டியிருந்தது, பாதி சிவப்பாக இருந்தது. பக்கத்தில் பதினைந்து மாடும் ஊர் ஜனமும். ஏன் படகு ஏரியில் இல்லை என்று கேட்டார். "காத்தாட வெச்சிருக்கோம் சார்" என்றார் தலைவர். ஆபீசர் குறித்துக்கொண்டார்.

மயிலைப் பசு இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை. உத்திரமேரூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். டப்பாவைக் கேட்டு வாங்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்போது தனக்கும் தெரியாது என்றார். "கன்னு போடற வரிக்கும் பாத்துக்கினே இருங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பசு வைக்கோலைக் கடித்தது. அவள் என்னிடம் பேசவில்லை. பசுவிடமும் குறைத்துக்கொண்டாள்.

சுரண்டி எடுத்த தூளையெல்லாம், மாட்டுடையது, படகுடையது, கோணியோடு மடித்து அந்தக் காலி டப்பாக்களில் அடைத்து மூடினேன். ஊரில் புதைக்க மனம் வரவில்லை. எங்கே புதைத்தாலும் அது யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பஸ் ஏறித் துறைமுகத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். மேஸ்திரி கதையை முழுசாகக் கேட்டார். கொம்பு வந்த இடத்தில் மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னார். அப்புறம், "இதுக்கா இம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்த?" என்று டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, நின்ற இடத்திலிருந்தே கடலில் கொட்டினார். சிவப்பு கொஞ்ச நேரம் மிதந்தது. பக்கத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் அதே வேலையைத்தான் ஆறு வருஷம் செய்திருக்கிறேன், சத்தமில்லாமல், மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், டப்பாவை என்ன செய்தார்கள் என்று. பத்து நாளில் முதல் பேச்சு. வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"கடல்ல கொட்டிட்டாங்க" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

படகு அந்த வருஷம் வெறும் பலகையோடுதான் ஓடியது. பாசி பிடித்தது. எங்கள் பக்கம் அமாவாசையன்று மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள், அன்றைக்கு மாட்டுக்கு ஓய்வு. படகுக்கும் அதையே வைத்துவிட்டோம். அமாவாசைக்கு அமாவாசை இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து மேட்டுக்கு இழுத்துக் கவிழ்ப்பார்கள். ஒரு நாள் வெயிலில் பாசி அப்பளமாகக் காய்ந்துவிடும். தேங்காய் நாரால் தேய்த்தால் உதிரும். நத்தையை வாத்து தின்னும். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். பலகைக்கு நல்லது என்றார்கள், பாசிக்கு அது பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. சித்திரையில் ஏரியே வற்றிவிடும், படகு தானாகத் தரையில் உட்கார்ந்துவிடும். தண்ணீரே இல்லாதபோது பாசி எங்கிருந்து வரும்? வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற ஏரிக்கு நான் கப்பல் பெயின்ட் கொண்டுவந்திருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

பங்குனிக் கடைசியில் மயிலைப் பசு கன்று போட்டது. கிடாரி. ஒரு நாழிகைக்குள் எழுந்து நின்றது. அவள் அதன் நாலு காலையும் தடவித் தடவிப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், காதைத் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் பார்த்ததைவிட அதிகம் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், தொழுவத்துக்கு வெளியே நின்று.

கன்று குடித்தது போக மீதியில் சீம்பாலைக் கறந்து வெல்லம் போட்டு வேகவைத்தாள். எங்கள் பக்கம் சீம்பால் முதலில் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். வாசலில் நான்கு வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். தலைவர் வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் வந்திருந்தது. அவள் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"மொதல்ல நீ துன்னு" என்றாள்.

தின்றேன். ஏலக்காய் போட்டிருந்தாள், நன்றாக இருந்தது. அவள் என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் தான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கிண்ணங்களை வாங்கினாள்.